பில்சென் பீர் ஆலை: குடிக்காத குடும்பம் போகலாமா?

மே 4, இரவு (அஸ்தம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி)

செப்டம்பரில் மனைவி, அம்மாவோடு செக் நாட்டில் இருக்கும் பிராக் போகிறோம். தம்பி அங்கே வேலையில் இருக்கிறான். ஒரு நாள் பில்சென் போய் 'பில்ஸ்னர் உர்குவெல்' என்ற பேர்பெற்ற பீர் ஆலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிறான். எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. டாஸ்மாக் இருக்கிற தெரு என்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர் அம்மா. அவரை பீர் பேக்டரிக்குக் கூட்டிப்போய் என்ன காட்டுவது? அந்த ஒரு நாளையும் பிராக் கோட்டை, ஆற்றங்கரை என்றே கழித்துவிடலாம் என்பது என் கட்சி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 5, காலை

போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். என் அக்கா மகனும் பிராக்கில்தான் இருக்கிறான். அவன்தான் எங்களை அங்கே கூட்டிப்போனான். பிராக்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஆலையின் வாசல் வந்துவிடும். ஆலையின் ஐம்பதாம் ஆண்டுக்காக 1892-ல் கட்டிய பெரிய கல் வளைவு அது. சுற்றிக்காட்டுவது ஏறக்குறைய நூறு நிமிடம். ஆங்கிலத்தில் விளக்கும் குழு குறிப்பிட்ட நேரங்களில்தான் கிளம்பும், இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். கடைசியில் ஒரு குவளை கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அந்த ஒரு குவளைக்கு முன்னால் பார்க்கக் கிடைப்பதுதான் விஷயமே. விரிவாக இரவு எழுதுகிறேன், களத்தில் மிளகு காய்கிறது.

மே 5, இரவு

சரி, கதைக்கு வருகிறேன்.

பில்சென் 1295-ல் ஓர் அரசர் அமைத்த ஊர். அப்போதே 260 வீடுகளுக்கு பீர் காய்ச்சி விற்கும் உரிமை கொடுத்திருக்கிறார். உரிமை வீட்டோடு சேர்ந்தது, வீடு கைமாறினால் உரிமையும் கைமாறும். ஐந்நூறு வருஷம் இப்படியே போனது. ஆனால் வீட்டுக்கு வீடு காய்ச்சினால் தரம் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? 1838-ல் சரக்கு மிக மோசமாகிப்போய், 36 பீப்பாய் பீரை நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள்.

அடுத்த வருஷமே உரிமைக்காரர்கள் ஒன்றுகூடி, தனித்தனியாகக் காய்ச்சுவதை விட்டு எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆலை கட்டுவது என்று முடிவு செய்தார்கள். பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வேலைக்கு வைத்தார்கள். அவர் 1842 அக்டோபர் 5-ம் தேதி காய்ச்சிய முதல் கொதியில் இருந்துதான் தெளிந்த பொன்னிற லாகர் பீர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர், உலகத்துக்கு வந்தது. அதுவரை பெரும்பாலும் பழுப்பும் கலங்கலும்தான். இன்று உலகம் முழுக்க விற்கிற வெளிர்நிற லாகர் பீரில் பெரும்பங்குக்கு மூதாதை அந்தக் கொதி. க்ரோல் மூன்றே வருஷத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். ஆலை மட்டும் நிலைத்து நின்றது.

நம் கூட்டுறவு சங்கங்கள் தொடங்கும் கதை போலவே எனக்குக் கேட்டது. கெட்ட சரக்கை ஒளித்து விற்காமல் ஊர் நடுவில் கொட்டினார்கள் பாருங்கள், அந்த இடத்தில் என் மனசு நின்றுவிட்டது. விலை படியாத வருஷத்தில் ஈரக் காபியை மூட்டையில் கலந்து தள்ளிவிடுகிறவர்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

மே 6

தண்ணீரைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

பில்சென் தண்ணீர் மிக மென்மையானது, உப்புச் சத்துகள் மிகக் குறைவு. அங்கே முதலில் விளக்குவதே அதைத்தான். சேலத்தில் போர் தண்ணீரையும் மேட்டூர் தண்ணீரையும் ஒரு மடக்கிலேயே பிரித்துச் சொல்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் தண்ணீரில் போட்ட காபி ஏன் எடுபடுவதில்லை என்று கேட்டால் அம்மாவே விளக்குவார். கடினமான தண்ணீரில் ஹாப்ஸ் பூவின் கசப்பு முரட்டுத்தனமாக ஏறும், மென்மையான தண்ணீரில் அதே கசப்பு பதமாக வரும். ஜாடெட்ஸ் என்ற பக்கத்து வட்டாரத்து ஹாப்ஸ், மொராவியா பார்லி, இந்தத் தண்ணீர், குளிரில் அடியில் தங்கி வேலை செய்யும் ஈஸ்ட். நான்கும் ஒரே இடத்தில் கூடிய ஊர் அது. பார்லியைத் தேய்த்துப் பார்க்கவும் ஹாப்ஸை முகர்ந்து பார்க்கவும் கையில் கொடுக்கிறார்கள். என் மனைவி ஹாப்ஸை முகர்ந்துவிட்டு, "மழை பெய்து முடிந்த தோட்டத்து வாசம்" என்றாள்.

மே 6, மாலை

"முளைப்பு, மால்ட் என்கிறார்களே, அது என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா, பார்லிக்கும் அதேதான். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் பிறக்கின்றன, அவை மாவைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முளைகட்டிய கஞ்சி தானாகவே லேசாக இனிப்பதற்குக் காரணம் இதுதான். பார்லி சரியான பதத்தில் முளைத்ததும் சூட்டில் காயவைத்து நிறுத்திவிடுவார்கள். முன்பு விறகுப் புகையிலேயே காயவைத்ததால் மால்ட் கறுத்துப்போனது. பில்சென் ஆலையில் புகை படாமல் வெப்பக் காற்றில் காயவைத்தார்கள். அதனால் மால்ட் வெளுப்பாக வந்தது, பீரும் பொன்னிறமானது. நிறத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ பேக்டரி வைத்திருக்கும் என் நண்பன் இதைக் கேட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டான். கிழங்கு மாவை மாவாகவே காப்பாற்றி உருட்டி ஜவ்வரிசி ஆக்குவது அவன் வேலை, அது புளித்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவன் பாதி உயிர் போகிறது. அங்கே வேண்டுமென்றே சர்க்கரையாக்கிப் புளிக்க வைக்கிறார்கள்.

அப்புறம் கொதி. வெந்நீரில் கலந்த மால்ட் கூழில் ஒரு பங்கை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்து மறுபடி தாய்ப் பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள். மொத்தக் கூழின் சூடும் ஒரு படி ஏறும். இப்படி மூன்று தடவை. சூடு அளக்கக் கருவி இல்லாத காலத்தில் சூட்டைப் படிப்படியாக ஏற்றக் கண்டுபிடித்த வழி. மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை நேரமும் எரிபொருளும் மிச்சம் என்று இதை விட்டுவிட்டன. இவர்கள் இன்றைக்கும் செப்புக் கொப்பரையில், கீழே நேரடி நெருப்பு வைத்து மூன்று தடவை செய்கிறார்கள். அந்தக் கொப்பரைகளைப் பார்ப்பதற்கு மட்டுமே கூடப் போகலாம்.

மே 8

இரண்டு நாளாக மழை, கரண்ட் இல்லை.

பாட்டில் கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வளாகத்துக்குள்ளேயே பஸ்ஸில் கூட்டிப்போய், மேலே கண்ணாடி நடைபாதையிலிருந்து காட்டுகிறார்கள். மணிக்கு 1,20,000 பாட்டில் வரை ஓடக்கூடிய வரிசை. குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்குச் சத்தம்தான் நினைவில் நிற்கிறது.

நிலவறைதான் முக்கியம். ஆலைக்கு அடியில் கையாலேயே வெட்டிய சுரங்கங்கள், மொத்தம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். நம்மை நடத்திப்போவது அதில் ஒரு சிறு பகுதி. குளிர்சாதனம் வருவதற்கு முன்பு குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி வந்து உள்ளே நிரப்பி வைப்பார்களாம், வருஷம் முழுக்க நிலவறையின் குளிர் காக்கும். இப்போதும் உள்ளே ஆறேழு டிகிரிதான். ஏற்காட்டு டிசம்பர் விடியலில் பழகிய எனக்கே நடுக்கம் வந்தது. அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம். தரை ஈரமாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

அங்கே ஒரு வேலை நடக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த ஆலையை மதிக்க ஆரம்பித்தேன். விற்பனைக்குப் போகும் பீரெல்லாம் 1990-களின் தொடக்கத்திலிருந்தே பெரிய எஃகுத் தொட்டிகளில்தான் நொதிக்கிறது. ஆனால் ஒரு சிறு பங்கை மட்டும் பழைய முறையிலேயே, திறந்த ஓக் தொட்டியில் நொதிக்கவைத்து, உள்ளே பிசின் பூசிய ஓக் பீப்பாயில் போட்டு அந்த நிலவறையில் வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். எதற்கென்றால், எஃகுத் தொட்டியில் வருவதன் சுவை பழைய சுவையிலிருந்து விலகிவிட்டதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு. அந்தப் பீப்பாய்களைச் செய்யவும் செப்பனிடவும் ஆலையிலேயே பீப்பாய்த் தச்சர்கள் இருக்கிறார்கள்.

பார்வையாளருக்குக் கொடுக்கும் குவளை அந்தப் பீப்பாயிலிருந்துதான். வடிகட்டாதது, சூடேற்றிப் பதப்படுத்தாதது. நிலவறைக்காரர் மரக் குழாயைத் திறந்து நேராகப் பிடித்துத் தருகிறார். நான் குடித்தேன். முதலில் ரொட்டி வாசம், பிறகு கசப்பு. அந்தக் கசப்பு நாக்கில் நெடுநேரம் நின்றது. மனைவி குடிக்கவில்லை, குவளையைக் கையில் வாங்கி நுரையை மட்டும் பார்த்துவிட்டு மருமகனிடம் கொடுத்துவிட்டாள். அங்கே 18 வயசுக்குக் கீழ் இருந்தால் குவளை கிடையாது, சுற்றிப் பார்க்கத் தடையில்லை.

மே 9

சாப்பாடு கேட்டிருந்தீர்கள். வளாகத்திலேயே பழைய நொதிக்கூடத்தை உணவகமாக்கியிருக்கிறார்கள், மிகப் பெரியது. சைவம் குறைவு. சீஸைப் பொரித்துத் தருவார்கள், வயிறு நிறையும். உருளைக்கிழங்கில் அடை மாதிரி ஒன்று உண்டு, பூண்டு மணக்கும், அதில் முட்டை சேர்ப்பது வழக்கம். அம்மா முட்டையும் சாப்பிடமாட்டார் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாலும் நல்லதே, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் உட்கார இடம் உண்டு.

குடிக்காதவர்களுக்கு கோஃபோலா வாங்கிக்கொடுங்கள். 1960 வாக்கில் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த கறுப்புப் பானம், மூலிகை வாசமும் லேசான கசப்பும் இருக்கும். காபி வறுக்கும்போது மிஞ்சுகிற கஃபீனை என்ன செய்வது என்று தேடிய ஆராய்ச்சியில் பிறந்தது அது. காபிக்காரனான எனக்கு இதைக் கேட்டதும் ஏதோ உறவினர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

மே 11

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். குடியால் எத்தனை குடும்பம் நாசமானது என்று தெரிந்தும் பீர் கம்பெனிக்கு இவ்வளவு பக்கம் எழுதுகிறீர்களே என்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் தோட்டத்தில் பழம் பறிக்க வரும் பெண்களில் பாதிப் பேர் கணவன் குடிப்பதால்தான் கூலிக்கு வருகிறார்கள். சனிக்கிழமை கூலியை வீட்டுக்காரர் கையில் கொடுக்காதீர்கள், எங்கள் கையிலேயே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப்போவார்கள். செக் நாட்டிலும் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டால் பீர் குடிப்பதில் உலகத்திலேயே முதல் இடம் அவர்களுக்கு, அதில் பெருமைப்பட ஏதுமில்லை. இதையெல்லாம் மறைத்து நான் எழுதவில்லை.

ஆனாலும் போகச் சொல்கிறேன். ஒரு ஊர் தன் கைவேலையை எப்படிப் பார்த்துக்கொள்கிறது, வருகிறவனுக்கு எப்படி விளக்குகிறது என்பதைப் பார்ப்பதற்கு. குடிக்காத அம்மாவுக்கு அது நன்றாகவே விளங்கும். மாவு புளிக்கும் பதம், தண்ணீரின் ருசி, அடுப்பின் சூடு எல்லாம் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மே 12

நேற்று எழுதிவிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது வேறு.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். பில்சென் ஆலை கட்டுவதற்கும் முன்னால். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேர் ஒரு காபிப் பழம் எப்படிக் கொட்டையாகிறது என்று பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்? ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், மிளகாய் பஜ்ஜி, அவ்வளவுதான்.

வெளியூர் நண்பர்களை ஒரு தடவை 'எஸ்டேட் டூர்' என்று பலகை வைத்த ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனேன். காசு வாங்கினார்கள், நாலு செடியைக் காட்டினார்கள், கடைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சிக்கரி கலந்த தூளை மலைக்காபி என்று கையில் கொடுத்தபோது என் முகம் சுருங்கிவிட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பில்செனில் காட்டுவதற்கு என்ன இருக்கிறதோ அதெல்லாம் நம்மிடமும் இருக்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்குகிறோம். கொட்டை மேல் வழுவழுப்பு ஒட்டியிருக்கும், அதைத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் நொதிக்க விடுகிறோம். குளிர் கூடினால் இன்னும் நேரம் ஆகும். பதம் எப்படிப் பார்ப்பது? கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் சரளைக்கல் மாதிரி நறநறக்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடிப்போனாலும் புளிப்பு ஏறிவிடும் என்று பயந்து நடுராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்க்கிறோம். பிறகு கழுவி, களத்தில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறோம். பில்சென் நிலவறைக்காரர் செய்கிற வேலைக்கு இது எந்த விதத்தில் குறைவு?

மே 12, மதியம்

பேர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் 1859-லேயே தங்கள் பீரின் பேரைப் பதிவு செய்தார்கள். எல்லா நாட்டிலும் அதே பாணியில் காய்ச்ச ஆரம்பித்த பிறகு, 1898-ல் 'உர்குவெல்' என்று மூலத்தைக் காட்டும் பேரையும் பதிவு செய்தார்கள். நம் பக்கம் நடந்தது நேர்மாறு. மத்திய அரசின் காபி போர்டு 1940-களிலிருந்து எல்லாக் காபியையும் ஒரே பொதுத் தொகுப்பாக வாங்கிச் சேர்த்து ஏலம் விட்டது. உலகப்போரில் சந்தை படுத்த காலம், விவசாயியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு வந்தது. அது இல்லாவிட்டால் என் தாத்தா தோட்டத்தை விற்றிருப்பார். ஆனால் ஏற்காட்டுக் கொட்டை எந்த மூட்டையில் போய் எந்த நாட்டில் கரைந்தது என்று யாருக்கும் தெரியாமல் போனது. 1990-களின் நடுவில்தான் விளைச்சல் முழுவதையும் நாமே விற்கலாம் என்று ஆனது. அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது. 2019-ல் குடகு, சிக்மகளூர், அரக்கு, வயநாடு காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த வரிசையில் எங்கள் மலை இல்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்தது, அதற்கு மனதார மகிழ்ந்தேன்.

மே 14

சேகோ நண்பன் போனில் ஒரு கேள்வி கேட்டான். "அதுவும் பெரிய கம்பெனிதானே, காட்ட வேண்டியதை மட்டும் காட்டுவான், நீ ஏன் இவ்வளவு உருகுகிறாய்?"

கேட்டது சரிதான். ஊர் உரிமைக்காரர்கள் கட்டிய ஆலை இப்போது ஊர்க்காரர்களுடையது இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அரசுடைமை ஆனது, அப்புறம் தனியார் கைக்குப் போனது, 2017-லிருந்து ஜப்பானின் அசாஹி கம்பெனி கையில் இருக்கிறது. எஃகுத் தொட்டிக்கு மாறிய பிறகு பழைய சுவை இல்லை என்று அங்கேயே பெரியவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். சுற்றிக்காட்டும்போது இந்த வாதம் பேச்சில் வராது.

ஆனாலும் யோசித்துப் பார்த்து என் கட்சியிலேயே நிற்கிறேன். முதலாளி மாறியும் அந்த மூன்று கொதியையும் ஓக் பீப்பாயையும் யாராலும் நிறுத்த முடியவில்லை. வருஷா வருஷம் வந்து பார்க்கிற ஜனங்களும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பார்க்க ஆள் வருகிற வேலையைச் சத்தமில்லாமல் மூடிவிட முடியாது. ஏற்காட்டில் பல்பிங் கூடங்கள் ஒன்றொன்றாகப் பூட்டப்பட்டு, அந்த இடத்தில் காட்டேஜ் எழும்பிக்கொண்டிருக்கும்போது எனக்கு இதுதான் ஓயாமல் தோன்றுகிறது.

மே 17

அஸ்தம்பட்டிக்காரர் டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார், அம்மாவுக்கும் சேர்த்து. ரொம்ப சந்தோஷம். நேரம் மிஞ்சினால் ஊருக்குள் இருக்கும் பீர் அருங்காட்சியகத்தையும் அதற்கு அடியில் ஓடும் பழைய நிலத்தடி வழிகளையும் பாருங்கள். இடைக்காலத்தில் வீட்டுக்கு வீடு தோண்டிய நிலவறைகளும் கிணறுகளும் ஒன்றோடு ஒன்று சேர்ந்த வலை அது. ஆனால் படிகள் அதிகம், வழி குறுகல். முழங்கால் வலி இருந்தால் அம்மா மேலேயே சதுக்கத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும். அங்கே இருக்கும் பர்த்தலோமியு தேவாலயக் கோபுரம் 102 மீட்டர், அந்த நாட்டிலேயே உயரமானது.

மே 18

பல்பிங் பார்க்க வரலாமா என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. இப்போது வந்தால் பச்சைக் காய்தான் இருக்கும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை வாருங்கள், பழம் சிவந்திருக்கும். பறிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குள் மலை ஏறியிருக்க வேண்டும். பல்பர் ஓடுவது சாயங்காலம் நாலு மணிக்கு மேல். தொட்டியின் பதம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராத்திரி தங்கத் தயாராக வாருங்கள், கம்பளி நான் தருகிறேன். காசு வேண்டாம், விற்க என்னிடம் கடையும் இல்லை. குழந்தைகளைக் கூட்டி வாருங்கள், பழத்தைக் கடித்து அந்த இனிப்பை அவர்களே ருசித்துப் பார்க்கட்டும். மழை பெய்திருந்தால் தோட்டத்தில் அட்டை இருக்கும், முழுக்கால் பேன்ட்டும் கொஞ்சம் உப்பும் எடுத்து வாருங்கள்.